மறு: துணி உலர்த்தியில் சேரும் 'லின்ட்': பிசிறா, துய்யா?

வணக்கம். துணி உலர்த்தியின் பாகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி.

> 'லின்ட்'டுக்குப் 'பிசிறு' போதுமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, பிசிறு என்பது துணி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது, கத்தரித்தால்தான் போகும். லின்ட்டோ துணியை விட்டே கழன்று பறக்கும் நுண்ணிழை. பஞ்சாலைக்காரர்கள் "பஞ்சு பறக்குது" என்பார்கள். ஆனால் பாலியெஸ்டர் சட்டையிலிருந்து உதிர்வதையும் பஞ்சு என்றால் இடிக்கும்.

என் பரிந்துரை 'துய்'. சங்கப் பாடல்களில் வரும் 'துய்த்தலை மந்தி'யின் துய்தான். பஞ்சு போன்ற மெல்லிழை. தனியே எழுதினால் 'அனுபவி' என்று படித்துவிடுவார்கள் என்பதால் 'துய்யிழை' எனலாம். அதைப் பிடிக்கும் சல்லடை 'துய்வடி'.

> புளோவர் = ஊதி

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புளோவர் என்பது உலர்த்திக்குள் காற்றை நகர்த்தும் விசிறி. காற்றை வெளியே விடும் வழக்கமான உலர்த்திகளில் அது துணிமேல் ஊதுவதே இல்லை. சூடான காற்றை உருளை வழியாகவும் துய்வடி வழியாகவும் தன்பக்கம் இழுக்கிறது. பிறகு 4 அங்குலக் குழாயில் வெளியே தள்ளுகிறது. துய்வடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால், சல்லடைக்குத் தப்பியதெல்லாம் அதன் இறக்கைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். காற்றில் ஈரம் வேறு. கொஞ்சம் கொஞ்சமாக அப்பிக்கொள்ளும். அப்புறம் காற்று குறையும், துணி காயாது, சூடு உள்ளேயே தங்கும். துய்யிழையோ சட்டென்று பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008–2010 கணக்குப்படி, அங்கே வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 உலர்த்தித் தீ விபத்துகள். முதற்காரணம் சுத்தம் செய்யாதது, 34 விழுக்காடு.

காற்றை இழுப்பதும் தள்ளுவதும் அந்த ஒரே விசிறி என்பதால் 'காற்றோட்டி' என்கிறேன். மாடு ஓட்டுகிறவர் போலக் காற்றை ஓட்டுவது.

> 'டெப்ரி'க்கு?

உள்ளே விழுந்து சிக்கும் துண்டு துணுக்குகள்தானே, அதற்குக் கலைச்சொல்லே வேண்டாம். போன மாதம் எங்கள் உலர்த்தி கடகடவென்றது. கழற்றிப் பார்த்தால் காற்றோட்டியின் கூட்டுக்குள் ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு நாணயம். துய்வடியை வெளியே எடுத்த நேரத்தில் பள்ளத்துக்குள் விழுந்திருக்கும். 'சில்லறை' என்றே எழுதிவிடலாம், இரண்டு பொருளிலும் சரி!

அக்கா, சுவர் வென்டிலேட்டருக்கு 'காற்றோட்டி' என்று ஏற்கெனவே வைத்துவிட்டோமா? பழைய பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள். வைத்திருந்தால் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 'ஊதி' மட்டும் வேண்டாம்.