யுவிகாவுக்கு அப்ளை பண்ணவங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க

கரிசல்மண்

யுவிகான்னா இங்க எல்லாருக்கும் தெரியும், ஒன்பதாவது பசங்களுக்கு இஸ்ரோ நடத்துற ரெண்டு வார விண்வெளிப் பயிற்சி. பையன் ஒன்பதாவது படிக்கும்போது இஸ்ரோவுக்குப் போட்டோம், வரல. வராதது பிரச்சினை இல்ல. எச்.எம். ரூம்ல நடந்த ஒண்ணுதான் இன்னும் உறுத்துது.

ஆன்லைன் க்விஸ் முடிச்சு, பாரத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்குக் கொண்டு போனோம். மச்சானும் கூட வந்தார். இந்த மார்க் கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. செலக்ஷனுக்கு மொத்தம் 100, அதுல எட்டாவது மார்க்குக்கு 50, க்விஸுக்கு 10, ஊராட்சிப் பகுதியில இருக்குற பள்ளின்னா 15. பையன் மாவட்ட அறிவியல் கண்காட்சி வரைக்கும் போனவன், அதுக்கு 5.

"அந்த 15 மட்டும் சேந்துட்டா உள்ள போயிடுவான் சார். வீடு ஊராட்சிலதான் இருக்கு. தினம் சைக்கிள் மிதிச்சுதான் டவுனுக்கு வர்றான். பள்ளியும் பஞ்சாயத்துன்னே போட்டுக் குடுத்துடுங்க"ன்னார் மச்சான்.

எச்.எம். திறந்த பேனாவை மூடி வச்சுட்டார். எங்க ரெண்டு பேரையும் பாக்கவே இல்ல. பையனைப் பாத்து, "தம்பி, நம்ம ஸ்கூல் வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டார். இவன் கையக் கட்டிக்கிட்டு, பிரேயர்ல உறுதிமொழி சொல்ற மாதிரி சத்தமா, "நகராட்சி உயர்நிலைப் பள்ளி சார்"ன்னான். "அப்ப சரி"ன்னு சொல்லி, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு சீல் வச்சுட்டார்.

லிஸ்ட்ல பேர் வரலன்னதும் மச்சான் அவனுக்கு 'போர்டு படிச்ச விஞ்ஞானி'ன்னு பேர் வச்சுட்டார். பொங்கலுக்கு வந்தாலும் அதான், கல்யாண வீட்ல பாத்தாலும் அதான். பையன் சிரிச்சுக்கிட்டே போயிடுறான். எனக்குத்தான் முடியல. யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல.

வைகைக்கரை

அங்கிள், உங்க எச்.எம். செஞ்சது சரி. உங்க மச்சான் மேல கோவப்படுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?

நான் 2023ல போட்டேன். எங்க ஸ்கூல் நிஜமாவே பஞ்சாயத்து, அந்த 15 எனக்கு உண்டு. என் கதை க்விஸுக்கு அப்புறம் வர்ற ஒரு மணி நேரம். க்விஸ் சப்மிட் பண்ணி 60 நிமிஷம் போன பிறகுதான் யுவிகா பக்கத்துல லாகின் பண்ணி மத்த விவரத்தை எல்லாம் போடணும்னு இருக்கும்ல, அது. எங்க ஊர் இ-சேவை மையம் ஆறு மணிக்கு சாத்திடுவாங்க. நான் க்விஸ் முடிக்கவே அஞ்சரை தாண்டிடுச்சு. அங்க இருந்த அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, "உக்காரு, முடிச்சுட்டே போ"ன்னாங்க. வீட்டுக்கு போன் போட்டு, "லேட்டாகும், மாவை எடுத்து வெளிய வை"ன்னு சொன்னாங்க. அப்புறம் யாரோட ஆதாரையோ லேமினேட் பண்ணிக்கிட்டே, "ஏண்டி, அவ்வளவு உயரமான ராக்கெட்டு சாயாம எப்பிடி நேரா போகுது?"ன்னு கேட்டாங்க.

க்விஸுக்காக எந்த ராக்கெட் எந்த வருஷம்னு எல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். இதுக்குப் பதில் தெரியல. எரியிற வாயு கீழ தள்ளும், ராக்கெட் மேல போகும்னு இழுத்தேன். "அது எனக்கும் தெரியும். சாயாம எப்பிடின்னுதான் கேக்குறேன்"ன்னாங்க.

செலக்ட் ஆச்சு, ரெண்டு வாரம் போயிட்டும் வந்தேன். (கூட்டிட்டு வர்ற ஒருத்தருக்கும் செகண்ட் ஏசி வரைக்கும் ரயில் கட்டணம் தர்றாங்க. எங்கப்பா போனது அன்ரிசர்வ்டுல.) சாயுதான்னு கைரோங்கிற கருவி கண்டுபிடிச்சுச் சொல்லும், உடனே எஞ்சினோட வாயை லேசாத் திருப்பி நிமிர்த்துவாங்கன்னு இப்ப எனக்குத் தெரியும். சொல்லலாம்னு ஊருக்கு வந்ததும் ஓடினேன், மையத்துல வேற ஆள் உக்காந்திருந்தார். அக்கா வேலையை விட்டுட்டு சிவகாசிப் பக்கம் போயிட்டாங்களாம். போன் நம்பரும் இல்ல.

சாக்பீஸ்தூசி

கரிசல்மண் ஐயா, உங்கள் தலைமையாசிரியருக்கு என் வணக்கம். ஆனால் மேலே பாப்பா சொல்வதுபோல் மச்சானை ஒரேயடியாகக் குற்றவாளி ஆக்க மாட்டேன். ஊராட்சி எல்லைக்குள் ஏசி பஸ் ஓட்டுகிற தனியார் பள்ளிகள் இருக்கின்றன. டவுனிலிருந்து அதில் ஏறிப் போகிற பிள்ளைக்கு அந்த 15 உண்டு. கிராமத்திலிருந்து சைக்கிளில் டவுன் பள்ளிக்கு வருகிற உங்கள் பிள்ளைக்கு இல்லை. மனுஷனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதற்காகப் பொய் எழுதச் சொன்னது தப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் ஒரு பையன் இருந்தான். பழைய சைக்கிள் டைனமோவைப் பிரித்து, மாநிலக் கண்காட்சி வரை போனான். அதற்கு 10 கிடைத்துவிடும். எட்டாம் வகுப்பு மதிப்பெண்தான் மோசம். கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சார், எட்டாவது திரும்ப எழுத முடியுமா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. பத்தாவது, பிளஸ் டூ மாதிரி இதற்கும் ஏதோ துணைத்தேர்வு இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி 1 அன்று பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டும். ஆனால் பாதி மதிப்பெண் எட்டாவதிலேயே முடிவாகிவிடுகிறது, ஆகவே அறிவிப்பு வந்த பிறகு விழித்துக்கொண்டு பயனில்லை. கண்காட்சிச் சான்றிதழ் கடைசி மூன்று வருடத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும். பள்ளி அளவு 2, மாவட்டம் 5, மாநிலமும் அதற்கு மேலும் 10. சாரணர், என்.சி.சி.க்கு 5 உண்டு. காக்கி உடுப்பு போட்ட பிள்ளைகள்கூட இதைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே, பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு பணம் தருகிற இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தேர்வானால் 10,000 ரூபாய் வரும், மாவட்டக் கண்காட்சிக்கு வழியும் திறக்கும். சான்றிதழ்களை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், ஸ்கேன் எடுத்தால் பளபளத்து எழுத்தே தெரியாது. கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் தலைமையாசிரியர் கல்யாணத்தில் இருப்பார், சீல் பீரோவில் இருக்கும், பீரோ சாவி கிளார்க்கிடம் இருக்கும்.

கடல்தாண்டியவன்

நான் இருப்பது அமெரிக்காவில், இங்கே கூத்து வேறு மாதிரி. மகள் பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைகால அறிவியல் பயிற்சிகள் இரண்டுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று இங்குள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கிற ஆர்.எஸ்.ஐ., 1984ல் ஆரம்பித்தது, கட்டணமே கிடையாது. அது கிடைக்கவில்லை. இன்னொன்று எஸ்.எஸ்.பி., 1959லிருந்து நடக்கிறது. அதில் மூன்று மூன்று பிள்ளைகளாக ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் பிடித்து, அதன் பாதையைத் தாங்களே நிரல் எழுதிக் கணக்கிட வேண்டும். அது கிடைத்தது.

தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் ஒருத்தர் கை கொடுத்தார். அடுத்த வார்த்தை, "எந்த கன்சல்டண்ட்?" யாரும் இல்லை என்றேன். "பரவாயில்ல சொல்லுங்க, எவ்வளவு ஆச்சு?" என்று ஃபோனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாராக நின்றார். கட்டுரை எழுதிக் கொடுக்க, சிபாரிசுக் கடிதத்துக்கு ஆசிரியரைத் தயார் பண்ண என்று இங்கே எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், ஆகவே அவர் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மகள்தான் நடுவில் புகுந்து, "எழுதிக்கோங்க அங்கிள்" என்று தன் இயற்பியல் டீச்சர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். மறுவாரமே அவர் மனைவி ஃபோன் பண்ணி, "அந்த லேடிக்கு வெப்சைட் எதுவும் இல்லையே, நம்பர் குடுங்க" என்கிறார். நாங்கள் ஏதோ மறைக்கிறோம் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பின்பெஞ்ச்07

இது யுவிகா பத்தின பேச்சுன்னு நெனச்சு வந்தேன். சிறுகோள் எல்லாம் தனியா வச்சுக்கலாமே. சாக்பீஸ் சார், கோச்சுக்காதீங்க, டிப்ஸ் கேட்டது யாரு?

எச்.எம். நல்லவரா மச்சான் நல்லவரான்னு பேசுற எல்லாருக்கும் எங்க ஸ்கூல் கதை. கம்ப்யூட்டர் சார் லேப்ல உக்காந்து, "எல்லாரும் ஐடி, பாஸ்வேர்டு எழுதிக் குடுங்கடா, க்விஸை நானே போட்டுடுறேன்"ன்னார். நெட் ஸ்லோ, பசங்க தப்பாப் போட்டா ஸ்கூல் பேர் கெட்டுப்போகுமாம். வரிசையா ஒவ்வொருத்தனுக்கும் போட்டார். என் முறை வந்தப்ப நான் அவர் நாற்காலிக்குப் பின்னாடிதான் நின்னேன். ஆரியபட்டா செயற்கைக்கோளை ஏவினது எந்த வருஷம்னு ஒரு கேள்வி. "1975 சார்"ன்னேன். "டிஸ்டர்ப் பண்ணாதடா"ன்னு சொல்லிட்டு, இன்னொரு டேப் திறந்து, கூகுள்ல தேடி, படிச்சு, திரும்பி வந்து 1975ஐ க்ளிக் பண்ணார்.

எங்க ஸ்கூல்ல ஒருத்தனும் செலக்ட் ஆகல. இப்ப இன்ஜினியரிங் படிக்கிறேன், இன்னும் அந்த 1975 எரிச்சல் போகல.

வைகைக்கரை

@பின்பெஞ்ச்07 அவர்கிட்ட அப்பவே கேட்டிருக்கலாம்ல? பாஸ்வேர்டை ஏன் குடுத்தீங்க?

பின்பெஞ்ச்07

பிராக்டிகல் மார்க் யார் போடுறது, உங்க இ-சேவை அக்காவா?

கரிசல்மண்

எல்லாருக்கும் நன்றி. சாக்பீஸ் சார், வயிறு எரிஞ்சிருக்கும்னு மச்சானுக்காகப் பேசினீங்க. ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லியிருக்கணும். அவர் பையன் படிக்கிறது நீங்க சொன்ன மாதிரி ஏசி பஸ் பள்ளிக்கூடத்துலதான், ஊராட்சி எல்லைக்குள்ள. வர்ற ஜூன்ல ஒன்பதாவது போறான். அந்த 15ஐ இப்பவே கூட்டி வச்சுட்டு உக்காந்திருக்கார்.

சாக்பீஸ்தூசி

அப்படியானால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பையனைக் குறை சொல்ல வேண்டாம், விதிப்படி அது அவனுக்கு உரியதுதான். டிப்ஸ் கேட்காமலே சொல்வது ஆசிரியர் தொழில், தம்பி.

புதுவிண்ணப்பம்

சார், நான் டிப்ஸ் கேக்குறேன். பொண்ணோட எட்டாவது மார்க் ஷீட்டை போன வாரம்தான் பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணோம். அயர்ன் பாக்ஸ் சூடு காட்டினா பிரிஞ்சு வந்துடும்னு வீட்ல சொல்றாங்க. செய்யலாமா, வேண்டாமா? பொட்டி ஏற்கெனவே சூடாயிட்டிருக்கு.