நிச்சய மோதிரம் வெள்ளை, கல்யாண மோதிரம் மஞ்சள்: ஒரே விரலில் ஒத்துவருமா?

பாளைப் பொண்ணு:
ஜனவரியில் எனக்குக் கல்யாணம், பாளையங்கோட்டையில், சர்ச்சில். இன்னும் மூன்று வாரத்தில் ஓலை வாசிக்க (சர்ச்சில் கல்யாண அறிவிப்பு) ஆரம்பித்துவிடுவார்கள், நான் இன்னும் மோதிரத்திலேயே நிற்கிறேன். நிச்சயத்துக்கு அவர் போட்டது 18 காரட் வெள்ளைத் தங்கம், நடுவில் 30 சென்ட் ஒற்றை வைரம். எனக்கு ரொம்பப் பிடித்த மோதிரம்தான், ஆனால் அன்றைக்கே எங்கள் அத்தை "ஏன்டி, மாப்பிள்ளை வீட்டில் வெள்ளி மோதிரமா போட்டாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து அம்மா, சர்ச்சில் மாற்றுகிற மோதிரமாவது 22 காரட் மஞ்சளாக இருக்கணும் என்று ஒரே பிடிவாதம். சரி என்று போன வாரம் கடைக்குப் போனோம். கல் இல்லாத பட்டை மோதிரம் ஒன்றை நிச்சய மோதிரத்துக்குக் கீழே போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே இல்லை, நடுவில் ஒரு இடைவெளி, விசிட்டிங் கார்டை நுழைத்தால் தாராளமாகப் போகிறது. விற்பனைப் பையன் "போடப் போடச் சரியாகிடும் மேடம்" என்கிறான். மோதிரம் என்ன செருப்பா, போடப் போட இளகுவதற்கு? இரண்டு நிறம் அசிங்கமாக இருக்குமா, இல்லை பேசாமல் பிளாட்டினத்துக்குப் போய்விடலாமா? அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மூணாவது விரல்:
தங்கச்சி, நிறத்தை விடுங்கள், நாலு நாளில் கண் பழகிவிடும். நான் பட்டது வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வாங்கிய நிச்சய மோதிரத்தில் பக்கவாட்டிலும் பொடி வைரம் பதித்திருந்தது, அதை ஒட்டி 22 காரட் பட்டை மோதிரத்தைப் போட்டுக்கொண்டேன். சோறு பொங்க, வண்டி ஓட்ட, பிள்ளையைக் குளிப்பாட்ட, எதற்கும் கழற்றியதில்லை. போன வருஷம் சோப்புத் தண்ணீரில் கழுவும்போது நகத்தில் ஏதோ தட்டியது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டையின் ஒரு விளிம்பு முழுக்க ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்னப் பள்ளம். ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்த இடம் அப்படியே தெரிகிறது! எடை போட்டதில் 3.200 கிராம் இருந்தது 3.040தான் வந்தது. வைரம் தேய்க்கும் என்று வாங்கும்போது ஒருத்தரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பட்டறை அண்ணன்:
நான் கோயம்புத்தூரில் மோதிரப் பட்டறையில் இருக்கிறேன். மேலே அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அதனால்தான் அந்த நிறம், அதனால்தான் அது மெத்து. 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம், மீதி வேறு உலோகம், அதிலும் வெள்ளைத் தங்கம் நல்ல கெட்டி. இரண்டையும் ஒரே விரலில் நாள் பூரா உரசவிட்டால் மஞ்சள்தான் தேயும். பாளைப் பொண்ணுக்கு ஒற்றைக் கல் என்பதால் ரம்பம் போடாது, ஆனால் கல் உட்காரும் கூடையின் அடிப்பாகம் பட்டையில் இடிக்கிறது, அந்த இடைவெளிக்கு அதுதான் காரணம். அது எந்தக் காலத்திலும் சரியாகாது, இடிக்கிற இடத்தில் பட்டை குழியும், அவ்வளவுதான்.

வழி இரண்டு. ஒன்று, கூடைக்கு இடம் விட்டு நடுவில் லேசாக வளைந்த பட்டை. அதற்கு நிச்சய மோதிரத்தையே பட்டறையில் கொடுத்து, மெழுகில் மாதிரி செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தங்கத்தில் வார்க்கச் சொல்லணும், போட்டோ அனுப்பி அளவு சொல்கிற கதை வேண்டாம். இன்னொன்று, இடைவெளி இருந்தால் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிடுவது. உண்மையில் பலருக்கு அது அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம், வெள்ளைத் தங்கம் பளிச்சென்று இருப்பது மேலே போட்ட ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சால். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் அது தேய்ந்து அடியிலிருக்கிற இளமஞ்சள் எட்டிப் பார்க்கும், திரும்பப் பூசணும். பிளாட்டினத்துக்குப் பூச்சு வேண்டாம். இப்போது பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரே மாதிரி தெரிகிற இரண்டும் பின்னால் நிறம் பிரியும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பிளாட்டினம் கனம் வேறு. 18 காரட்டில் 3 கிராம் வருகிற அதே மாடல் அதில் 4 கிராம் பக்கம் வரும். உருகுநிலை 1768 டிகிரி, தங்கத்துக்கு 1064தான், அதனால் பின்னால் அளவு மாற்ற எல்லா ஆசாரியும் தொடமாட்டார்கள்.

வெட்டி ஆபீசர்:
இரண்டையும் ஏன் ஒரே விரலில் போடணும்? கை என்று இன்னொன்று இருக்கிறதே. என் மனைவி பட்டை மோதிரத்தை மட்டும் இடது கையில் தினமும் போடுகிறாள், வைரம் வலது கையில், அதுவும் விசேஷத்துக்கு மட்டும். வாங்கியவன் மனசு என்ன பாடுபடும் என்று கேட்காதீர்கள்.

பாளைப் பொண்ணு:
அண்ணா, இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் உரசாதே, அது முடியாதா? அளவு பற்றியும் சொல்லுங்கள், இப்போது போட்டிருப்பது 12ஆம் நம்பர்.

பட்டறை அண்ணன்:
பற்றவைக்கலாம்மா, உரசலும் நிற்கும். ஆனால் நாளைக்குப் பழைய நகையாகக் கடையில் மாற்றப் போனால் 22 காரட்டையும் சேர்த்து 18 கணக்கில் எடுக்கப் பார்ப்பார்கள். அதோடு சர்ச்சில் பட்டை மட்டும்தானே மாற்றுவீர்கள், செய்வதானால் கல்யாணத்துக்குப் பிறகு செய்யுங்கள். நம்ம ஊர் 12 என்றால் உள்சுற்று 52 மில்லிமீட்டர், நம்பருக்கு ஒரு மில்லி கூடும். இரண்டு மோதிரம் சேர்ந்து அகலமாகும்போது விரலை இறுக்கும், 13 போட்டுப் பாருங்கள், அதுவும் காலையில் ஏசியில் நின்று பார்க்காமல் மத்தியானம் வெயிலில் நடந்து வந்து பாருங்கள். சுற்றி முழுக்கக் கல் வைத்த மாடல் மட்டும் வேண்டாம், அளவு மாற்றுவது பெரிய தலைவலி. 2 கிராமுக்குக் கீழே போனால் ஹால்மார்க் கட்டாயம் கிடையாது, அதனால் கொஞ்சம் கனமாகவே எடுத்து, உள்ளே 22கே916 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடியும் (அந்த நகைக்கு மட்டுமான அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹால்மார்க்கைக் கவனிக்கிற பிஐஎஸ் நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வந்துவிடும்.

பாளைப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு ஒரு ஆசாரியிடம் போனோம். நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்ததும் கூடைக்கு அடியில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார், அண்ணன் சொன்ன அதே பதில். 22 காரட்டிலேயே 3 கிராமில் வளைந்த பட்டை, 13ஆம் நம்பர், செய்கூலி பேசி முடித்தாயிற்று. மெழுகு மாதிரியை வைத்துப் பார்த்தேன், கூடை அந்த வளைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, கார்டு நுழையவில்லை. தேய்மானம் தேய்மானம்தான், அதனால் வேலைக்குப் போகும்போது வைரத்தைக் கழற்றி வைத்துவிடுவேன். சர்ச்சுக்குப் போகும் முன் அதை வலது கைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும், பட்டை முதலில் ஏறணும் இல்லையா. அத்தைக்கு இன்னும் காட்டவில்லை. பட்டை ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்பார், பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.