கவனம் இல்லையா, காதில் விழவில்லையா?

கடைசிவரிசை_அம்மா:
என் மகள் வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று மூன்றாவது தடவையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டிக்டேஷன் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கட்டம் என்றதற்குப் பட்டம், சட்டம் என்றதற்கு வட்டம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, வார்த்தைதான் வேறு. உட்கார்ந்திருப்பது கடைசி வரிசை, தலைக்கு மேலே கடகடவென்று ஃபேன், டீச்சருக்கோ ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. குழந்தையை மட்டும் குறை சொல்வது நியாயமா?

கணக்கு_வாத்தியார்:
22 வருஷமாக வகுப்பெடுக்கிறேன். அதே ஃபேனுக்குக் கீழே இருக்கிற மற்ற பிள்ளைகள் சரியாக எழுதுகிறார்களே? சத்தம் கூடினால் நானும் குரலைக் கூட்டுவேன், கவனிக்கிற பிள்ளைக்குக் கேட்கும். எல்லாவற்றுக்கும் நாமே காரணம் தேடிக் கொடுத்தால் அவர்கள் முயற்சியையே விட்டுவிடுவார்கள்.

பேச்சுப்_பயிற்சியாளர்:
சார், பாதி வார்த்தை விழுந்தாலே மீதியை நம் மூளை நிரப்பிக்கொள்ளும், ஏனென்றால் அந்த வார்த்தை நமக்கு ஏற்கெனவே பழக்கம். ஏழெட்டு வயதில் அந்தக் கையிருப்பு குறைவு, அதோடு இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பதின்ம வயதில்தான் முழுசாக வருகிறது. கட்டத்துக்கும் பட்டத்துக்கும் முதல் மெய்யொலி மட்டும்தான் வித்தியாசம், அதுவோ நொடியில் மறைகிற மெல்லிய ஒலி. கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அந்த அளவுக்கு ஏறாது. வெறும் சுவராக இருந்தால் எதிரொலி வேறு அதன்மேல் வந்து விழும். உலக சுகாதார நிறுவனம் 1999லேயே வகுப்பறைப் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆசிரியர் குரல் பின்னணியைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்பார்கள். கடைசி வரிசையில் அது கிடைக்கிறதா?

கணக்கு_வாத்தியார்:
சரி, சத்தம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். தொண்டை கட்டியதையும் குற்றமாக்கினால் எப்படி? நாங்களும் மனுஷர்கள்தானே.

பேச்சுப்_பயிற்சியாளர்:
குற்றமே இல்லை, அந்த டீச்சருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். கரகரத்த குரலில் கேட்ட குழந்தைகள், தெளிவான குரலில் கேட்டவர்களைவிடக் குறைவாகவே புரிந்துகொண்டதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. இரைச்சலில் நம்மை அறியாமலே குரல் உயரும், 1911ல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது. தினமும் அப்படியே கத்தினால் குரல்நாணில் முடிச்சு விழும், குரல் இன்னும் மோசமாகும், பின்வரிசைக்கு இன்னும் கேட்காது. அம்மா, நீங்கள் முதலில் குழந்தையின் காதைப் பரிசோதித்துவிடுங்கள். சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் கட்டினாலும் இப்படித்தான் இருக்கும்.

கடைசிவரிசை_அம்மா:
போன மாதம் காட்டினோம், காது சரியாக இருக்கிறது. "கேட்கலை, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்கலாமே என்றேன். டீச்சருக்குத் தொண்டை வலிக்கும் என்கிறாள்.

கணக்கு_வாத்தியார்:
இதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கவனிக்காத பிள்ளைகளும் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வாய்க்கணக்கில் எழுபது என்று சொன்னால் என் பின்வரிசையில் சிலர் அறுபது என்று எழுதுவார்கள், திட்டியும் இருக்கிறேன். நாளைக்கு ஃபேன் ஓடும்போது பத்துக் கணக்கு, நிறுத்திவிட்டுப் பத்துக் கணக்கு, கடைசி வரிசையில் நின்றே சொல்லிப் பார்க்கிறேன்.