30 வருஷப் பழைய பாய்லர்: சரிசெய்து ஓட்டலாமா, மாற்றிவிடலாமா?

குளிர்வீடு எழுதியது:

வணக்கம். வீட்டில் இருப்பது தரையில் நிற்கும் வார்ப்பிரும்பு கேஸ் பாய்லர், வயது 30-க்கு மேல். பர்னரைப் பற்றவைக்க எந்நேரமும் எரியும் சின்ன பைலட் சுடர், சுற்றுக்குத் தண்ணீர் ஊட்டப் பரணில் திறந்த தொட்டி, செம்புக் குழாய்கள், 9 ரேடியேட்டர். இப்போது இரண்டு தொல்லை. வாரத்துக்கு இரண்டு முறை பைலட் அணைகிறது. கீழ்த்தளத்தில் இரண்டு ரேடியேட்டர்களில் மேல்பாதி சுடுகிறது, அடிப்பாகம் ஜில்லென்று கிடக்கிறது. பார்க்க வந்தவர் 28 கிலோவாட் காம்பி வகை (வீட்டுச் சூடும் குழாய்ச் சுடுநீரும் ஒன்றே தருவது) கண்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுப்பது) மாட்டச் சொல்கிறார். பழையவை 30 வருஷம் உழைக்கும், புதியவை பத்து வருஷத்தைத் தாண்டாது என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் காரணம் என்ன?

பித்தளைவால்வு எழுதியது:

பைலட் அணைந்தாலே தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை உணர்ந்து கேஸ் வால்வைத் திறந்துவைக்கும் முனை) போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் சுடரைப் பாருங்கள். நல்ல பைலட் நீலமாக, அசையாமல், தெர்மோகப்பிளின் நுனியில் ஒரு 10 மி.மீ. அளவுக்குச் சுற்றி எரியும். மஞ்சளாக ஆடினால் காற்றுத் துளையில் பஞ்சும் தூசியும் சேர்ந்திருக்கிறது. கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டால் துளை அகன்றுவிடும், பிறகு சுடரின் அளவே மாறிப்போகும்.

சுடர் நன்றாக இருந்தும் அணைந்தால் அப்போது தெர்மோகப்பிளைச் சந்தேகிக்கலாம். கேஸ் வால்விலிருந்து அதைக் கழற்றி, பைலட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மில்லிவோல்ட் அளந்தால் 20 முதல் 30 வரை காட்ட வேண்டும். 15-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். புதியதை மாட்டும்போது நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். மேலும் முறுக்கினால் முனையிலுள்ள காப்பு நசுங்கி, புதுத் தெர்மோகப்பிளே வேலை செய்யாது. கேஸ் பக்கத்து வேலை எதுவானாலும் உரிமம் உள்ளவர் கையால் நடக்கட்டும்.

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது: புகைப்போக்கி அடைப்பு. பறவைக் கூடோ இடிந்த செங்கல்லோ வழியை மறித்தால் புகை அறைக்குள் திரும்பும். சில மாடல்களில் அதைக் கண்டுபிடிக்கும் சென்சார்தான் பைலட்டை அணைக்கிறது. காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்பப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது. கதவு ஜன்னல்களைச் சாத்தி, சமையலறை விசிறி இருந்தால் அதையும் ஓடவிட்டு, பாய்லர் பத்து நிமிடம் எரிந்த பிறகு, புகைபோக்கி தொடங்கும் வாயருகே புகைக்குச்சியைப் பிடித்துப் பார்ப்பார்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே சுருண்டால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

பழையது நீடிப்பதற்குக் காரணம், அதில் கெடுவதற்கு அதிகமாக எதுவும் இல்லை. கேஸ் வால்வு, தெர்மோஸ்டாட், தெர்மோகப்பிள், பம்பு. விசிறி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. இரும்பு தடிமன், தண்ணீர் ஓடும் வழி அகலம். ஆனால் அதற்கும் பலவீனம் உண்டு. திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புகையிலுள்ள நீராவி உள்ளேயே வியர்த்து இரும்பை அரிக்கும். கேஸை மிச்சப்படுத்த நினைத்துத் தெர்மோஸ்டாட்டை 50-க்குக் குறைத்து ஓட்டுவதால்தான் பல பழைய பாய்லர்கள் சாகின்றன. 75, 80-இல் வையுங்கள். தண்ணீர் வற்றிச் சூடாகிவிட்டால் உடனே பச்சைத்தண்ணீர் விடக்கூடாது, வார்ப்பு விரிசல் விடும். ஆறவிடுங்கள். பாய்லர் கதவு ஓரத்துக் கயிறு சீலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைச் சுரண்ட வேண்டாம்.

கேஸ் வால்வுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால் அடுத்த பழுதுதான் கடைசிப் பழுது.

நீலச்சுடர் எழுதியது:

பைலட் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. "ஏன் பத்து வருஷம்?" என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் பாய்லரின் குற்றமில்லை, தண்ணீரின் குற்றம். உங்கள் ரேடியேட்டர் அதைத்தான் சொல்கிறது. மேலே ஜில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று, சாவியால் திறந்துவிட்டால் சரியாகும். மேலே சூடாகவும் அடியில் ஜில்லென்றும் இருந்தால் சேறு. ரேடியேட்டரின் உட்புற இரும்பு துருப்பிடித்து உதிரும் நுண்ணிய கறுப்புத் துகள், காந்தத்தில் ஒட்டும். பழைய பாய்லரின் அகன்ற வழியில் அது தங்கிக் கிடக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. புதியதில் தண்ணீர் போகும் இடைவெளி சில மி.மீ. மட்டுமே. அதே சேறு அங்கே போனால் வெப்பமாற்றி அடைத்துக் கெட்டில் போல இரையும், பம்பு தேயும், சூட்டை ரேடியேட்டருக்கும் குழாய்நீருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் வால்வு பாதியில் சிக்கும். கோடையில் குளிக்கக் குழாயைத் திறந்தால் ரேடியேட்டரும் சுடுகிறதா? அந்த வால்வுதான்.

ஒரு சோதனை. பரண் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், ரேடியேட்டர்களுக்குப் போய்வரும் சுற்றுக்குழாயோடு சேரும் இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே துருச்சேறு இறுகியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி மாற்றாமல் எவ்வளவு அலசினாலும் அடைப்பு போகாது. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சுற்றுத் தண்ணீர் அங்கே போய் விழுகிறது என்று அர்த்தம். புதுக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், துருவும் நிற்காது.

புதியது மாட்டுவதானால் வரிசை இது. முதலில் பழைய பாய்லர் இருக்கும்போதே சுத்திகரிப்பு மருந்து விட்டு, மருந்தின் லேபிளில் போட்டபடி ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டராகத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு புது பாய்லர், அதற்குத் திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி, கடைசியில் துருத்தடுப்பு மருந்து, பொதுவாக 100 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர். வடிகட்டியை முதல் மாதம் ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போட்டு மாட்டப்படும் பாய்லர்தான் "பத்து வருஷம்கூட வரவில்லை" என்ற பேரை வாங்குகிறது.

இன்னொன்று, காம்பி என்றால் பரண் தொட்டி போய்விடும், சுற்று முழுக்க அழுத்தத்தில் இருக்கும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு). அதுவரை அமைதியாக இருந்த தரைக்கடிப் பழைய இணைப்புகள் அப்போது ஒழுகத் தொடங்கலாம். அதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

குளிர்வீடு எழுதியது:

காந்தம் ஒட்டுகிறது! நன்றாகவே இழுக்கிறது. மாற்றுவதென்று ஏறக்குறைய முடிவு. அழுத்தம் ஏறி இறங்கினால் என்ன பார்ப்பது? 28 கிலோவாட் சரியான அளவுதானா?

மூன்றாம்மாடி எழுதியது:

28 என்பது சுடுநீருக்கான அளவு. தண்ணீரை 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தர அவ்வளவு வேண்டும். ஆனால் வீட்டைச் சூடாக்க, 9 ரேடியேட்டருக்கு 10, 12 கிலோவாட்டே அதிகம். மிதமான குளிரில் 3, 4 போதும். அதனால் அதிகபட்சத்தைக் கேட்காதீர்கள், குறைந்தபட்சம் எவ்வளவு வரை இறங்கும் என்று கேளுங்கள். 7-க்குக் கீழே இறங்காத பாய்லர் இரண்டு நிமிடம் எரியும், நிற்கும், மறுபடி எரியும். ஒவ்வொரு முறையும் விசிறி, தீப்பொறி மின்முனை, ரிலே எல்லாவற்றுக்கும் தேய்மானம். 3-க்குப் பக்கத்தில் இறங்குவது கிடைத்தால் அதை எடுங்கள்.

வெப்பநிலை விஷயத்தில் பித்தளைவால்வு சொன்னது அப்படியே தலைகீழாகும். பழையதற்குத் திரும்பும் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், புதியதற்கு 55-க்குக் கீழே இருந்தால்தான் நீராவி குளிர்ந்து அதிலுள்ள வெப்பமும் நமக்குக் கிடைக்கும். 80-இல் வைத்து ஓட்டினால் கண்டென்சிங் என்று பெயருக்குத்தான். 55, 60-இல் தொடங்கிப் பாருங்கள். 55-இல் ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகும், அதனால் அதிக நேரம் எரியும். அது பழுதில்லை. சுடுநீரைத் தொட்டியில் சேமித்தால் மட்டும் அந்தத் தொட்டி 60-க்குக் குறையக்கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும்.

அழுத்தத்துக்கு: சூடாகும்போது முள் 3 பாரை நோக்கி ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம்தரும் விரிவுக் கலத்தில் காற்று குறைந்துபோயிருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, சுற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வடித்து, வடிகால் திறந்தே இருக்க, கலத்தின் டயர் வால்வை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டும். வெறும் காற்று வந்தால் சைக்கிள் பம்பால் 0.75 முதல் 1 பார் வரை ஏற்றி, வடிகாலை மூடி, தண்ணீரை 1.2-க்கு நிரப்புங்கள். முள் ஏறாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. பாதுகாப்பு வால்வின் வெளிக்குழாய் முனையில் பிளாஸ்டிக் பையை ஒரு இரவு கட்டிவைத்தால், அந்த வால்வா வேறிடமா என்று தெரிந்துவிடும். சும்மா நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள், ஒவ்வொரு நிரப்பலோடும் ஆக்சிஜனும் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன.

புகையிலுள்ள நீராவி குளிர்ந்து பாய்லரிலிருந்து வெளிவரும் நீர் அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் செம்புக் குழாய் ஆகாது, பிளாஸ்டிக்தான். மீட்டருக்கு 45 மி.மீ. சரிவு, வீட்டுக்கு வெளியே ஓடும் பகுதி 32 மி.மீ. குழாயாக, உறைபோட்டு, முடிந்தவரை குட்டையாக. கடுங்குளிரில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால் அந்தக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளக்குங்கள், கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

நீலச்சுடர் எழுதியது:

வருஷாந்திர சர்வீஸுக்கு வருபவர் மேலே துடைத்துவிட்டுப் போகவிடாதீர்கள். எரிப்பு அளவைப் புகையை அளக்கும் அனலைசர் கருவியில் எடுத்து எழுதித் தரவேண்டும். அந்த அமில நீர் வெளியேறும் வழியில் நீரைத் தேக்கிப் புகையை மறிக்கும் நீர்ப்பொறியைக் கழற்றிக் கழுவி, திரும்ப மாட்டும்போது தண்ணீர் நிரப்ப வேண்டும், காலியாக விட்டால் புகை அது வழியே அறைக்குள் வரும். சுடரை உணரும் மின்முனையில் வெள்ளைப் பூச்சு படிந்தால் சுடர் எரிந்தும் போர்டுக்குத் தெரியாது, சில நொடிகளில் அணைத்துவிடும். சர்க்யூட் போர்டை மாற்றச் சொல்லும் முன் அந்த முனையையும் எர்த் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பர்னர் கதவைத் திறந்தால் கையேட்டில் சொன்னபடி புது கேஸ்கெட். வருபவர் அதைக் கையோடு கொண்டுவருகிறாரா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.