மைனஸ் கடைசியில் என்பது இன்வெர்ட்டருக்கும் விதியா?

செம்புக்கம்பி:
12 வோல்ட், 150 ஏஎச் ட்யூப்லர் பேட்டரி இரண்டை சீரீஸில் சேர்த்து 24 வோல்ட் இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறோம். "மாட்டும்போது மைனஸ் கடைசி, கழற்றும்போது மைனஸ் முதல்" என்று இதற்கும் எல்லோரும் சொல்கிறார்கள். அது கார் விதி. காரில் மைனஸ் பாடியோடு சேர்ந்திருக்கும். பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் அந்தப் பாதையே கிடையாது. வீட்டுப் பேட்டரி பிளாஸ்டிக் டிராலியில் உட்கார்ந்திருக்கிறது, இங்கே பாடி எது? இரண்டு முனையும் ஒரே மாதிரி ஆபத்து. ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். எந்த வரிசையில் மாட்டினாலும் அது பாயத்தான் செய்யும்.

கிரீஸ்கை:
எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் டிராலியா? இரும்பு ஸ்டாண்டில் நிற்பதுதான் நிறைய. சோலார் போட்ட சில இடங்களில் மைனஸை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள், அங்கே அப்படியே கார் கதைதான். ஒவ்வொரு வீட்டிலும் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருப்பதைவிட ஒரே வரிசை கைப்பழக்கமாக இருப்பது மேல். காசா, பணமா?

செம்புக்கம்பி:
எர்த் செய்த அமைப்பில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முக்கியமான கேள்வி வேறு. கடைசி இணைப்பில் பொறி பறக்குமே, அது எந்த இடத்தில் பறக்க வேண்டும்? இன்வெர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைப்பவை) காலியாக இருக்கும். தொட்ட கணத்தில் ஷார்ட் போலவே இழுக்கும், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும்கூட. சார்ஜ் ஏறி முடிந்த பேட்டரியின் வென்ட் பிளக் (வாயு வெளியேறும் மூடி) பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றக்கூடிய வாயு. "மைனஸ் கடைசி" என்றால் அந்தப் பொறியைச் சரியாக வென்ட் பக்கத்தில் வைக்கச் சொல்கிறீர்கள். ஜம்பர் கேபிள் போடும்போது கடைசி கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

என் வரிசை: பிளஸ் வயரில் பேட்டரியை விட்டுத் தள்ளி ஃபியூஸ் அல்லது டிசி பிரேக்கர். அதைத் திறந்து (ஆஃபில்) வைத்தே எல்லா நட்டையும் முடுக்க வேண்டும். கடைசியில் பிரேக்கரைப் போட வேண்டும்.

மில்லிவோல்ட்:
பிரேக்கர் என்றதும் வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கர்) வாங்கி மாட்டிவிடாதீர்கள். டிசியில் கரண்ட் சைபருக்கு வராது, அதனால் உள்ளே எழும் ஆர்க் தானாக அணையாது. 1200 வாட் லோடுக்கு, பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கும்போது, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 67 ஆம்பியர் வரும். 80 ஆம்பியர் டிசி பிரேக்கரும் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் போதும்.

அதைப் போடும் முன் பிரேக்கரின் பேட்டரிப் பக்க முனைக்கும் மைனஸுக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். நல்ல சார்ஜில் 25.4 வர வேண்டும். 12.7 வந்தால் பேரலலில் மாட்டியிருக்கிறீர்கள். சைபரை ஒட்டி வந்தால் ஒரு பேட்டரி தலைகீழ். 25.4க்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உடனே நிறுத்துங்கள்: அப்படியே போட்டால் மாஸ்ஃபெட்டுக்குள் (இன்வெர்ட்டர் போர்டில் ஸ்விட்ச் வேலை செய்யும் பாகம்) இருக்கும் டையோடு வழியாகக் கரண்ட் பாய்ந்து போர்டு போகும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரே ஒரு இணைப்பு வயர்தான். அதோடு மிச்சமுள்ள பிளஸையும் மைனஸையும் இன்னொரு வயரால் சேர்த்தால் முழு ஷார்ட்.

புதுவயர்:
பிரேக்கரே இல்லாத பழைய செட்டப்பில்?

செம்புக்கம்பி:
47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. பிளஸ் முனைக்கும் லக்குக்கும் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) நடுவில் நான்கைந்து வினாடி பிடித்தால் அரை ஆம்பியர் அளவில் கெப்பாசிட்டர் நிரம்பிவிடும். ரெசிஸ்டரை எடுத்த கையோடு லக்கை வைத்தால் பொறி இருக்காது.

கிரீஸ்கை:
வீட்டுக்காரர் கையில் ரெசிஸ்டரைக் கொடுப்பது அதிகப்படி. இன்வெர்ட்டரையும் கரண்ட்டையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டால் வாயு கலைந்துவிடும். பிறகு தயங்காமல் ஒரே அமுக்காக மாட்டணும். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றி வைக்கணும், ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றணும், கண்ணாடி போடணும். வீட்டில் செய்ய முடிகிறது இதுதான்.

மில்லிவோல்ட்:
வரிசையைப் பற்றி இத்தனை சண்டை. கருகிப்போன முனைகளில் பெரும்பாலும் குற்றவாளி வாஷர்தான். ஈயத்தின் மேல் நேராக லக், அதன் மேல் பிளாட் வாஷர், பிறகு ஸ்பிரிங் வாஷர், நட். பலர் வாஷரை லக்குக்கு அடியில் வைக்கிறார்கள். அப்போது மொத்தக் கரண்டும் அந்தத் துண்டு இரும்பு வழியாகப் போகணும். 10 மில்லி ஓம் கூடினால், 60 ஆம்பியரில் 36 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை முனையில் வைத்த மாதிரி.

கிரீஸ்கை:
இதில் சண்டையே இல்லை. அதேசமயம் வெறி பிடித்து முடுக்கவும் கூடாது. ஈயம் மிருதுவானது, முனையின் அடியில் சீல் விட்டுப்போய் ஆசிட் மேலே ஏறும். எம்8 நட், 13 நம்பர் ஸ்பேனர், ஸ்பிரிங் வாஷர் தட்டையானதும் சிறிது முடுக்கி நிறுத்தணும். வாசலினை முனையில் மெல்லிசாகத் தடவிவிட்டு லக் வையுங்கள், ஆசிட் புகை உள்ளே போகாது.

மில்லிவோல்ட்:
இல்லை. வாசலின் மின்சாரம் கடத்தாது. காய்ந்த, தேய்த்துப் பளபளப்பாக்கிய ஈயத்தில் முதலில் முடுக்கணும், வாசலின் பிறகு மேலே.

கிரீஸ்கை:
முடுக்கும் அழுத்தத்தில் நடுவில் உள்ளது பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மில்லிவோல்ட்:
லக் தட்டையாக இருந்தால் பிதுங்கும். வளைந்திருந்தால் குழியில் தங்கும். வெளியே தடவினாலே பூப்பது நிற்கும் என்றால் உள்ளே எதற்கு? ஏற்கெனவே வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து பிரஷ்ஷால் தேய்க்கணும். வென்ட் வழியாக ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆசிட் கெடும், அடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

புதுவயர்:
அப்போ யார் சரி என்று எப்படித் தெரியும்?

மில்லிவோல்ட்:
நல்ல லோடு ஓடும்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு கம்பி ஈய முனையின் தலையில், இன்னொன்று லக்கில். 20க்குள் இருந்தால் கை வைக்காதீர்கள். 100ஐத் தாண்டினால் கழற்றித் தேயுங்கள். கம்பியை நட்டில் வைக்காதீர்கள், வேறு கணக்கு காட்டும்.

கிரீஸ்கை:
என் வாசலின் முனையையும் அதே மீட்டரில் பாருங்கள்.