மறு: ‘மேனிபிள்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தில் கி.மு. 202-இல் உரோமருக்கும் கார்த்தேஜியருக்கும் நடந்த ஜாமா போரைச் சிற்றுருவப் படைகளைக் கொண்டு மேசைமேல் ஆட இருக்கிறோம். விதிக்கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உருவங்களை ஒட்டும் தட்டுக்கு ‘மணை’ என்று வைத்துவிட்டேன். இடறுவது ‘மேனிபிள்’ ஒன்றுதான். லீஜியன் என்னும் உரோமப் பெரும்படையின் உட்பிரிவு அது. ஒரு லீஜியனில் ஹஸ்தாதி, பிரின்கிபேஸ், திரியாரி என்னும் மூன்று வரிசைகளிலும் பத்துப் பத்து மேனிபிள்கள் நின்றன. முன்னிரண்டு வரிசைகளில் மேனிபிள் ஒவ்வொன்றிலும் 120 பேர், கடைசி வரிசையில் மேனிபிளுக்கு 60 பேர். ‘குழு’ என்றால் மாணவர்கள் தங்கள் ஆட்டக்குழுவை நினைக்கிறார்கள். சொல் சிறியதாகவும் இருக்க வேண்டும், 15 மி.மீ. உருவங்களுக்குரிய மணை 40 மி.மீ. அகலமே உடையது, அதன் பின்விளிம்பில்தான் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறோம்.

வரலாற்று ஆசிரியை

—

அம்மையீர்,

இலத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை. ‘மனிபுலுஸ்’ என்றால் கைகொள்ளும் அளவு, அதாவது ஒரு பிடி வைக்கோல். பழைய உரோமர் நீண்ட கழியில் வைக்கோற்கட்டைத் தொங்கவிட்டுக் கொடிபோல் ஏந்தியதால் அப்பெயர் வந்தது என்று உரோமக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். ஆகவே ‘பிடி’ என்பதே நேர்ச்சொல். ‘கை’ என்றாலும் பிழையில்லை; படையுறுப்பைக் ‘கை’ என்பது நம் பழவழக்கு, சோழர் கல்வெட்டிலும் ‘மூன்றுகை மகாசேனை’ வருகிறது.

அது கிடக்க, வரிசைகளின் பெயர்களை ஒலிபெயர்த்து விட்டது ஏன்? முன்படைக்குத் ‘தார்’ என்று குறளே தந்திருக்கிறது, ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்று. பின்படைக்குத் தொல்காப்பியத்தில் ‘கூழை’ உண்டு. ஒரு காலை மண்டியிட்டுக் காத்திருந்து, முன்வரிசைகள் முறிந்த பிறகே எழும் திரியாரியைவிடக் ‘கூழை தாங்க’ உரியவர் யார்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

—

ஐயா,

கூழை என்றதும் இன்றைய மாணவனுக்குக் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வரும். உரோமப் படையின் மூத்த வீரர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. தார், சாலைக்குப் போய்விட்டது.

‘பிடி’க்குள்ள தடை வேறு. ஜாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் எண்பதுக்கும் மேற்பட்ட யானைகளை முன்னால் நிறுத்தினார். உரோமத் தளபதி ஸ்கிப்பியோவோ மேனிபிள்களைப் பகடையின் ஐந்து புள்ளிகளைப் போல மாற்றி மாற்றி நிறுத்தும் வழக்கத்தை விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இடையில் சந்துகள் விட்டு, எறிவேல் வீரரான வெலிதேஸைக் கொண்டு அவற்றை மறைத்தார். இந்த ஆட்டத்தின் உயிரே அந்தச் சந்துகள்தாம். நேற்றிரவு அந்த விதியை உங்கள் சொல்லால் எழுதிப் பார்த்தேன்: ‘யானை பிடியைத் தொட்டால் பகடை உருட்டுக, பிடிகளுக்கிடையே சந்து இருப்பின் யானை அதன் வழியே ஓடும்.’ வண்ணம் பூசிக்கொண்டிருந்த என் மகள் தூரிகையை வைத்துவிட்டு, உரோமரிடம் இருந்தவை எல்லாம் பெண் யானைகளா என்று கேட்டாள்.

‘கற்றை’ எனலாமே! வைக்கோலும் அதில் இருக்கிறது, யானை இல்லை. தவிர, வெலிதேஸ் தனி மேனிபிள்களாகப் பிரிக்கப்படவில்லை. ஓநாய்த்தோல் போர்த்திய அந்த மணைகளுக்குச் சீட்டே வேண்டியதில்லை.

மேசைப்போர் ஆடுபவன்

—

நண்பர்களே,

‘லீஜியன்’ என்பதை ஒருவரும் தொடவில்லை. அதன் உட்பிரிவுக்கு மட்டும் ஓவிட் வரைக்கும் போய்விட்டோம். ‘மேனிபிள்’ என்றே அச்சிட்டு, முதற்பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் மாணவர்களுக்குப் புரியும். ‘கற்றை’ என்றால் இயற்பியல் வகுப்பின் ஒளிக்கற்றைதான் எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர்

—

அனைவருக்கும் நன்றி.

இதுவரை கற்றைக்கு ஐவர், பிடிக்கு இருவர், ஒலிபெயர்ப்புக்கு ஒருவர். எனக்கும் முழு நிறைவில்லை என்றாலும், நாளை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் ‘கற்றை’ என்றே போடுகிறேன். ‘ஹஸ்தாதி, கற்றை 7’ என்பது 40 மி.மீ. சீட்டில் அடங்குகிறது என்பதையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

வரலாற்று ஆசிரியை

—

அம்மையீர்,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கார்த்தேஜின் யானை மணைகளில் ‘களிறு’ என்று எழுதியிருந்தால் உரோமரின் ‘பிடி’யில் யாருக்கும் ஐயம் வந்திராது. அடுத்த பதிப்பிலாவது கருதுக.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன்