ஓக்கவாங்கோ ஆற்றோர முகாம்: ஜூலையா, அக்டோபரா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். போட்ஸ்வானாவின் ஓக்கவாங்கோ டெல்டாவில், சிறு விமானத்தில் மட்டுமே சென்றடையக்கூடிய ஓர் ஆற்றோர சஃபாரி முகாமில் நான்கு இரவுகள் தங்க நானும் அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் எண்ணியிருக்கிறோம். அங்கு நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம் என்று படித்தேன். மழையே இல்லாத ஜூலையில் வெள்ளம் வரும் என்று முகாமினர் எழுதியிருப்பது குழப்பமாக இருக்கிறது. படகிலும் போக வேண்டும், விலங்குகளையும் பார்க்க வேண்டும் என்றால் எந்த மாதம் ஏற்றது? அம்மா சைவம், இன்சுலின் போட்டுக்கொள்பவர். முகாமுக்கு வேலியே கிடையாதாமே, அவரை அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி 1:
முகாமினர் எழுதியது சரிதான். அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பெய்யும் மழைநீர், நமீபியாவின் ஒரு மூலையைக் கடந்து, ஏறத்தாழச் சரிவே இல்லாத நிலத்தில் பாப்பிரஸ் கோரைகளுக்கிடையே ஊர்ந்து வருவதால், டெல்டாவின் தென்முனையிலுள்ள மவுன் நகரை எட்ட மாதக்கணக்கில் ஆகிறது. பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் வந்து சேரும். சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும் பருவத்தில் இங்கே தண்ணீர் விரிவதால் விலங்குகள் இதைத் தேடி வருகின்றன. கடலையே பார்க்காத ஆறு இது. வந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகள் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

எனவே மொக்கோரோ என்னும், கழி ஊன்றித் தள்ளும் ஒடுக்கமான படகுதான் முதல் விருப்பம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செல்லுங்கள். அக்டோபரில் நீர் வடிந்து, யானைகளும் எருமைகளும் எஞ்சிய கால்வாய்களில் கூடுவதைக் காணலாம். ஆனால் வெயில் கடுமையாக இருக்கும், சில முகாம்களில் படகு விடும் அளவுக்குத் தண்ணீரும் இராது. விளம்பரப் படத்தில் அறை வாசல்வரை தண்ணீர் நின்றால், அது எந்த மாதம் எடுத்த படம் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான்கு இரவுகளையும் ஒரே இடத்தில் கழிக்காமல், இரண்டை நீர் சூழ்ந்த முகாமிலும் இரண்டை நீர் சூழாத நிலத்திலுள்ள முகாமிலும் கழிப்பதே நல்லது என்பது என் கருத்து.

மறுமொழி 2:
தாயாரைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். வேலி இல்லை என்பது உண்மையே; நீர்யானைகள் இரவில் கரையேறிக் கூடாரங்களுக்கிடையே புல் மேய்வது அங்கு வாடிக்கை. அதனால் இருட்டிய பின் யாரும் தனியாக நடக்கக்கூடாது. உணவுக்கூடத்திலிருந்து கூடாரம்வரை வழிகாட்டி ஒருவர் விளக்குடன் கூட வருவார். வயதானவர்களுக்குச் சிரமம் வேறோர் இடத்தில்: மொக்கோரோவின் அடித்தட்டை ஒட்டிய தாழ்வான இருக்கையில் காலை நீட்டி உட்கார வேண்டும். பின்னால் ஒருவர் நின்று கழி ஊன்றித் தள்ள, படகின் விளிம்பு தண்ணீருக்குச் சற்றே மேலே நகரும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் ஏறி இறங்கத் திண்டாடுவார்கள். அப்படியானால் மோட்டார் படகு உள்ள முகாமாகத் தேர்ந்தெடுங்கள்.

பல முகாம்கள் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன, கூடாரத்துக்குள் குளிர்பெட்டி இல்லாமலும் இருக்கலாம். இன்சுலினைச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். சைவம் என்பதையும் அப்போதே விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் காய்கறிகூட வெளியிலிருந்துதான் அங்கு வந்து சேர வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி 3:
மேலே விடுபட்டவை சில. மவுனிலிருந்து செல்லும் சிறு விமானங்களில் பெட்டி வைக்கும் இடம் குறுகலானது; சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளை ஏற்க மாட்டார்கள். கேமரா உட்பட ஏறத்தாழ 20 கிலோவுக்குள், மடங்கக்கூடிய துணிப்பைகளில் அடக்குங்கள். இரவு சஃபாரி வேண்டுமென்றால் டெல்டாவிலுள்ள மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்கு உள்ளே அனுமதி கிடையாது. அதை ஒட்டிய தனியார் குத்தகைப் பகுதிகளில் பார்க்கலாம். போகும் வழியில் கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ ஊருக்குள் தங்கினால், திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஜூலை விடியற்காலையில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் தொடும். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் குல்லாவும் அவசியம்.